கட்டிலோரத்து ரயில்

கனகரத்தினம் ஒரு செருப்பை மாட்டிவிட்டார். மற்றதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது முன்னறையில் ரயில் நின்றது.

நின்றதை அவர் பார்க்கவில்லை. காதால்தான் அறிந்தார். அரை மணி நேரமாக வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த 'கிர்ர்' ஓசை அறுந்துபோய், குசினியில் சுலோஜனா தேங்காய் துருவும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

"இஞ்சருங்கோ, உங்கட ரெயின் நிண்டிட்டுது" என்றாள் அவள்.

"எனக்கும் காது இருக்கு."

"அப்ப போய்ப் பாருங்கோவன். உங்கட அண்ணை அந்தரப்படப் போறார்."

வாசிகசாலையின் பின்பக்கத்தில் மூன்று பேர் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு நாலாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். கனகரத்தினம் மாட்டிய செருப்பையும் கழற்றினார்.

முன்னறையில், உட்துறைமுகத்தைப் பார்த்த யன்னலோரம் அவருடைய அண்ணை பாக்கியரத்தினம் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். எட்டு மாதத்துக்கு முன்பு பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடக்கை விரல்களும் கண்களும் மட்டும் மிச்சம். கட்டிலை ஒட்டிப் போட்ட பெரிய மேசையில் வட்டமாகத் தண்டவாளம். அதில் ஒரு சாண் நீளச் சிவப்பு எஞ்சினும் நாலு பெட்டிகளும் செத்த பாம்பு போலக் கிடந்தன.

கனகரத்தினம் எஞ்சினின் முதுகில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். அது உடனே ஊதியது. ஒரு ஜேர்மன்காரியின் குரல் நீளமாக ஏதோ அறிவித்தது. பிறகு ரயில் ஒன்றும் நடக்காதது போல ஓடத் தொடங்கியது.

"பார்த்தீங்களே அண்ணை, கை வைச்சால் ஓடுது" என்றார் கனகரத்தினம். "கை எடுத்தால் நிக்குது. எங்கட அரசாங்கக் கந்தோர் மாதிரி."

பாக்கியரத்தினம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு வருடம் ஜேர்மனியில் இருந்த மனிதர். மனைவி இறந்த பிறகு, கடைசிக் காலத்தில் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும் என்று சொல்லித் திருகோணமலைக்கு வந்தார். வந்து ஒரு வருடம்தான் தன் காலால் கடற்கரைக்கு நடந்தார். அவருடைய மகள் அனுஷியாதான் இந்த ரயிலைக் கப்பலில் அனுப்பி வைத்தாள். அப்பா அங்கே நிலவறையில் வருடக்கணக்காகச் சேர்த்த ரயில், கண் பின்தொடர ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் மூளைக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னார், சித்தப்பாதான் தண்டவாளம் பொருத்திப் பூட்டிக் கொடுக்கவேண்டும் என்றாள்.

சித்தப்பாவுக்கு அது பெரிய உபகாரமாகவே பட்டது. அதற்கான காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணைக்குப் பக்கத்தில் இருப்பது அவருக்கு ஏலாமல் இருந்தது. முதல் மாதங்களில் தினமும் போய்க் கதிரையில் இருந்து பார்த்தார். என்ன கதைப்பது? முப்பத்தெட்டு வருடமாக அவர்கள் தொலைபேசியில் கதைத்தது பார்சல் வந்ததா, மழை பெய்ததா என்பது மட்டும்தான். இருபது நிமிடம் சும்மா இருந்துவிட்டு "சரி அண்ணை, அப்ப நான் வாறன்" என்று எழும்புவார். பக்கத்து அறைக்குப் போகிறவர் விடைபெறுவது அவருக்கே வெட்கமாக இருக்கும். ரயில் வந்தால் அண்ணைக்குப் பொழுதும் போகும், தனக்கு விடுதலையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்.

அந்த ரயில்தான் இப்படி நின்று நின்று கழுத்தை அறுத்தது.

பழைய விளையாட்டு ரயில் என்றால் கரைச்சல் இல்லை. மின்சாரத்தைக் கூட்டினால் ஓடும், குறைத்தால் நிற்கும். இது டிஜிட்டல். தண்டவாளத்தில் எந்நேரமும் மின்சாரம் இருக்கும். சின்னப் பெட்டியாலோ கைத்தொலைபேசியாலோ கொடுக்கும் கட்டளையும் அதே தண்டவாளத்தின் வழியாகத்தான் போகும். எஞ்சினுக்குள் நகமளவு மின்சில்லு ஒன்று இருந்து அதைக் கேட்டு நடக்கும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கொஞ்சம் அழுக்குச் சேர்ந்து மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனால், அந்தச் சில்லு மயங்கிவிடும். மயக்கம் தெளிந்ததும் அன்றுதான் பிறந்தது போல முதலிலிருந்து ஊதும், அறிவிக்கும், புறப்படும்.

கனகரத்தினம் சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் குதங்களில் முப்பத்தொரு வருடம் மின்பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் சேவைக்காலத்தில் ஒரு பொறி பறந்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். ஒரு சாண் எஞ்சின் தன்னை வெல்வதை அவரால் தாங்க ஏலாது.

மறுநாள் காலை, சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் புஸ்பராணி பாக்கியரத்தினத்தைத் துடைத்து, உடுப்பு மாற்றி, முதுகைத் தேய்த்துவிடுவதற்கு ஸ்பிரிட் போத்தலைத் தேடினாள். அது கனகரத்தினத்தின் கையில் காலியாக இருந்தது.

"ஐயா, அது பெரியையாவின்ர முதுகுக்கு."

"முதுகுக்கு நாளைக்கு வாங்கலாம். இது அவசரம்."

தண்டவாளத்தை அங்குலம் அங்குலமாகத் துடைத்திருந்தார். நாலு துணி கறுத்துப்போயிருந்தது. ரயில் ஓடியது. கதிரையில் இருந்து ஒரு மணி நேரம் காவல் பார்த்தார். ஒரு தடவையும் நிற்கவில்லை. திருப்தியோடு எழும்பிச் சட்டையை மாட்டிக்கொண்டு படலை வரை போனார்.

ரயில் நின்றது.

அன்று பின்னேரம் அவர் சாண்ட் பேப்பரை எடுத்தார். நிலத்தில் முழந்தாளிட்டு, மேசை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைத் தேய்க்கத் தொடங்கினார். கை வேலை செய்யும்போது அவருக்கு வாய் திறந்துகொள்ளும். அது எண்ணெய்க் குதத்துப் பழக்கம். முதலில் ரயிலைத்தான் திட்டினார். பிறகு அதைச் செய்தவர்களைத் திட்டினார். அதன் பிறகு எப்படியென்று தெரியாமல் அண்ணையிடம் வந்துவிட்டார்.

"உங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் இருந்திருக்கு என்ன? நிலவறையில இருந்து பொம்மை ரெயின் விட. நாங்கள் இஞ்ச தொண்ணூறில வீட்டை விட்டிட்டு ஓடேக்க அம்மாவை நான் சைக்கிள் கரியரில வைச்சுக்கொண்டு போனனான். வழி முழுக்க அவ கேட்டது என்ன தெரியுமோ? மூத்தவன் சாப்பிட்டிருப்பானோ எண்டு. நான் சாப்பிடேல்லை எண்டு அவவுக்குத் தெரியும். கேட்டது உங்களை."

தேய்த்துக்கொண்டேயிருந்தார். பாக்கியரத்தினத்தின் கண்கள் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. பதில் சொல்ல ஏலாத ஒருவரிடம் சண்டை பிடிப்பது அவ்வளவு சுலபம் என்று கனகரத்தினத்துக்கு அதுவரை தெரியாது. இரண்டு மணி நேரம் போனது கூடத் தெரியவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து ரயில் உண்மையாகவே கெட்டது. அவர் பக்கத்தில் இருக்கும்போதும் வளைவுகளில் விக்கியது.

பிரதான வீதியில் கைத்தொலைபேசி திருத்தும் முனீப், கடையைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பூதக்கண்ணாடியால் தண்டவாளத்தைப் பார்த்தார். 

"அங்கிள், இதை ஆர் தேய்ச்சது?"

"ஏன்?"

"சும்மா கேட்டன். மேல இருந்த பூச்சு முழுக்கப் போய்ட்டு. இப்ப இதில எல்லாம் கீறல். கீறலுக்குள்ளதான் அழுக்கு குடியிருக்கும். தேய்ச்ச ஆள் நல்லா இரும்பு உரஞ்சிப் பழகினவராக்கும்."

"ஒரு பெடியனை விட்டனான்" என்றார் கனகரத்தினம்.

கட்டிலிலிருந்து ஒரு மாதிரியான மூச்சுச் சத்தம் வந்தது. கனகரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதுக்கெண்டு ஒரு எண்ணெய் இருக்கு, கொழும்பில எடுக்கலாம்" என்றார் முனீப். "ஒரு துளி போட்டால் காணும்."

கொழும்பு எண்ணெய் வரும்வரை பொறுக்கக் கனகரத்தினத்துக்கு மனம் இல்லை. எண்ணெய் எண்டால் எண்ணெய்தானே என்று குசினிக்குள் போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தார். ரயில் ஒரு சுற்று வழுக்கி வழுக்கி ஓடியது. மறுநாள் காலையில் பார்த்தால் தண்டவாளம் கறுப்பாக அசைந்தது. எறும்பு. இரட்டைக் கம்பியிலும் இரண்டு வரிசை. எஞ்சினைத் தூக்கினால் அடியிலிருந்து இன்னும் அரைக் கைப்பிடி கொட்டியது. கட்டிலுக்கும் ஏறிவிட்டது. புஸ்பராணி பாக்கியரத்தினத்தின் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"கோச்சிக்கு எறும்பு ஏறினால் பரவாயில்லை ஐயா" என்றாள். அவளுக்கு ரயில் கோச்சிதான். "இந்த மனுசனால சொறியவும் ஏலாதெல்லோ."

சுலோஜனா தேங்காயெண்ணெய்ப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

கனகரத்தினம் அன்று முழுக்க இருந்து எறும்பைத் துடைத்தார். துடைத்தபடியே இன்னும் கொஞ்சம் கதைத்தார். வீட்டுக் கூரை ஓடுகளைக் களவெடுத்துக்கொண்டு போனது, அதைத் திரும்பப் போடுவதற்குப் பட்ட பாடு, ஜேர்மனியிலிருந்து வந்த பார்சலில் ஓடு வாங்கும் காசுக்குப் பதிலாகக் கம்பளிச் சட்டை இருந்தது. "திருகோணமலை வெயிலுக்குக் கம்பளிச் சட்டை" என்றார். "அம்மா அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனவ. சனம் எல்லாம் அவவுக்குக் காய்ச்சல் எண்டு நினைச்சுது."

இதைச் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

அந்தக் கிழமையில் ஒன்றைக் கவனித்தார். கதிரையில் தான் இருக்கும்போது ரயில் பெரும்பாலும் ஓடுகிறது, எழும்பிப் போனால் நிற்கிறது. யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது. பழைய வீட்டின் நிலம் ஒரு பக்கம் சரிவு. தான் இருக்கும்போது தன் பாரத்தில் மேசைக்கால் சமப்படுகிறது, எழும்பினால் மேசை தூக்கித் தண்டவாளப் பொருத்து விட்டுப்போகிறது. இதைக் கண்டுபிடித்தபோது அவருக்குப் பழைய உத்தியோகத்தின் நிமிர்வு வந்தது. குசினியிலிருந்து அரிசி மூட்டையை இழுத்து வந்து, தன் கதிரையில் நிமிர்த்தி வைத்தார். அது விழாமல் இருக்கத் தன் சால்வையால் கதிரையோடு சேர்த்துக் கட்டினார்.

"இனி நான் இருக்கத் தேவையில்லை அண்ணை" என்றார். "என்ர பாரத்துக்கு இது இருக்கும்."

பாக்கியரத்தினம் சால்வை போட்ட மூட்டையைக் கனநேரம் பார்த்தார். பிறகு அவருடைய இடப்பக்க வாய் கோணி, தோள் குலுங்கி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கனகரத்தினம் புரையேறிவிட்டதென்று பதறி முதுகில் தட்டினார். சுலோஜனா ஓடி வந்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தட்டாதேங்கோ. அவர் சிரிக்கிறார்."

எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. கனகரத்தினத்துக்குக் காது சுட்டது.

"சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. நான் அரிசி மூட்டையோட மல்லுக்கட்டுறது உங்களுக்குப் பகிடியாத்தான் இருக்கும். அப்பா செத்தண்டும் நான் தனியத்தான் மல்லுக்கட்டினனான். அகதியா இருந்த பள்ளிக்கூடத்து வாங்கில கிடத்தி வைச்சிருந்தது. தூக்க நாலு பேர் வேணும், மூண்டு பேர்தான் இருந்தம். நாலாவது பக்கத்தை ஆர் எண்டே தெரியாத ஒரு வழிப்போக்கன் பிடிச்சவன். ஆறு மாதம் கழிச்சு உங்கட கடிதம் வந்தது. உள்ளுக்கு ஒரு படம். பனிக்குள்ள, காருக்குப் பக்கத்தில, நீங்கள்."

 ரயில் மட்டும் ஓடியது. சிரித்த வாய் அதே கோணலில் இருக்க, பாக்கியரத்தினத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க அவருக்குக் கை எட்டவில்லை. கனகரத்தினம் கையிலிருந்த துணியால் துடைத்துவிட்டார். தண்டவாளம் துடைத்த துணி. ஒரு கறுப்புக் கோடு கன்னத்தில் விழுந்தது. அதைச் சாரத்தின் நுனியால் திரும்பத் துடைத்தார்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மூட்டையைக் காவலுக்கு விட்டுவிட்டு வெளியே வந்தார். விறாந்தைப் படியில் கால் வைத்தபோது ரயில் நின்றது.

முனீப்பிடம் தொலைபேசியில் கத்தினார். முனீப் பொறுமையாகச் சொன்னார்: "அங்கிள், உங்கட யன்னல் கடலைப் பார்த்தது. உப்புக் காத்து. சக்கரம், கம்பி எல்லாத்திலயும் உப்புப் படியும். நீங்கள் என்னத்தைத் துடைச்சாலும் ரெண்டு மணித்தியாலத்தில திரும்ப வந்திடும்."

கனகரத்தினம் யன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் பழைய சீலைத் துண்டு செருகினார். மின்விசிறி தூசியைக் கிளப்பும் என்று அதையும் நிறுத்தினார். சித்திரை மாதம். அறை போறணை மாதிரி ஆனது. இரண்டு நாளில் பாக்கியரத்தினத்தின் மார்பு முழுக்க வேர்க்குரு.

"அந்தாள் கப்பல் பார்க்கவெண்டு சேர்மனியால வந்தது" என்றாள் சுலோஜனா. "நீங்கள் யன்னலைப் பூட்டிப்போட்டு நிண்டுபோன ரெயினைக் காட்டுறீங்கள். இதைவிட மறியல் கூண்டுக்குள்ள விட்டிருக்கலாம்."

"ஓடப் பண்ணத்தானே பாடுபடுறன்?"

"ஆருக்கு?"

"அவருக்குத்தான். வேற ஆருக்கு?"

சுலோஜனா யன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். கனகரத்தினம் மீண்டும் சாத்தவில்லை. அவள் திறந்த முறையைப் பார்த்தே எத்தனை தடவை எதிர்க்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அனுஷியா வீடியோவில் எடுத்தாள். புஸ்பராணி பாக்கியரத்தினத்தின் இடக்கைக்கடியில் கிடந்த கைத்தொலைபேசியை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள்.

"அப்பாக்கு ஏன் நெஞ்செல்லாம் சிவந்திருக்கு சித்தப்பா?"

"வெயில், பிள்ளை. இஞ்ச எல்லாருக்கும்தான்."

"ரெயின் ஓடுதோ?"

"ஓடுது ஓடுது. இடையில ஒரு சின்ன மூச்சு வாங்கும். அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள். அங்கேயும் அப்படித்தானாம். எஞ்சினுக்குள் கப்பாசிற்றர் வைத்தால் சரியாம். தண்டவாளத்தில் மின்சாரம் விட்டுப்போகும் கணத்துக்கு அது தன்னிடம் சேமித்து வைத்த மின்சாரத்தைக் கொடுத்துச் சமாளிக்கும். அப்பா அதை வைக்க விரும்பவில்லையாம். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

"விருப்பமில்லையோ?" என்றார் கனகரத்தினம். "விசர்க்கதை. இதை முதலே சொல்லியிருந்தால் என்ர முழங்கால் தப்பியிருக்கும்."

அன்றே முனீப்பைப் பிடித்தார். முனீப் சின்னதாக ஒன்று போதும் என்றார். கனகரத்தினம் கேட்கவில்லை. சின்னது வைத்தால் சின்ன நேரத்துக்குத்தான் தாங்கும். எண்ணெய்க் குதத்தில் எதையும் இரட்டிப்பாக வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். எஞ்சினுக்குப் பின்னால் வரும் முதலாவது பெட்டியின் கூரையைக் கழற்றி, இருக்கைகளையும் பிளாஸ்ரிக் பயணிகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பெருவிரல் பருமனில் ஆறு கப்பாசிற்றர்களை அடுக்கினார்கள். ஈயம் பற்றவைத்தது கனகரத்தினம்தான். கண்ணாடியை முன்னறையில் விட்டுவிட்டுக் குசினி மேசைக்கு வந்திருந்தார். கூட்டலுக்குக் கழித்தலும் கழித்தலுக்குக் கூட்டலுமாகப் பிடித்துவிட்டார்.

கூரையை மூடி மின்சாரம் கொடுத்ததும் 'பட்' என்றது. பெட்டியின் கூரை முகடு வரை போய்த் திரும்பிச் சுலோஜனாவின் ரசச் சட்டிக்குள் விழுந்தது. வெள்ளைப் புகை கலைந்தபோது கனகரத்தினத்தின் ஒரு புருவம் பாதியாக இருந்தது.

"முப்பத்தொரு வருசத்தில ஒரு பொறி பறந்ததில்லை எண்டு சொன்னீங்கள்" என்றாள் சுலோஜனா வாசலில் நின்று.

இரண்டாம் தடவை முனீப் செய்தார். முடித்ததும் ரயிலைத் தண்டவாளத்திலிருந்து அப்படியே தூக்கிப் பாக்கியரத்தினத்தின் போர்வையில் வைத்தார். தண்டவாளமே இல்லாமல் அது கட்டிலில் ஊர்ந்து போய் அவருடைய செயலிழந்த வலது பாதத்தில் முட்டி, அங்கேயே நின்று சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல்.

"இனி அழுக்கு, உப்பு, எறும்பு, எது வந்தாலும் ஓடும் அங்கிள். ஒண்டு சொல்லோணும். இனி நிப்பாட்ட நினைச்சாலும் உடன நிக்காது."

"நிக்கவே வேண்டாம் தம்பி" என்றார் கனகரத்தினம்.

ரயில் நிற்கவில்லை. அன்று நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. கனகரத்தினம் படலையில் நின்று காது கொடுத்துப் பார்த்தார். 'கிர்ர்' என்று பட்டுப் போல ஓடியது. தெருமுனை வரை போய், மனம் கேளாமல் திரும்பி வந்து யன்னல் வழியாகப் பார்த்தார். ஓடியது. பாக்கியரத்தினத்தின் இடக்கை போர்வைக்குள் எதையோ திரும்பத் திரும்ப அமத்துவது போலப் பதற்றமாக அசைந்துகொண்டிருந்தது. சந்தோசமாக்கும் என்று நினைத்துக்கொண்டு கனகரத்தினம் வாசிகசாலைக்கு நடந்தார்.

அந்தக் கிழமை முழுவதும் சீட்டில் அவர்தான் வென்றார். ஆட்டத்துக்கு ஆட்டம் கப்பாசிற்றர் கதை சொன்னார். கேட்டவர்கள் தோற்றார்கள். வீட்டுக்கு வந்தால் முன்னறை வாசலில் தலையை மட்டும் நீட்டுவார்.

"ஓடுதோ அண்ணை? ஓடுது. சரி."

அவ்வளவுதான். குற்ற உணர்வு இல்லாமல் சாப்பிட்டார். மத்தியானம் நன்றாக நித்திரை கொண்டார். ஐந்து கிழமையில் அண்ணைக்கு இதைவிட எந்தத் தம்பியும் செய்திருக்க முடியாது என்று ஒருநாள் சுலோஜனாவிடம் சொன்னார். 

ஐந்தாம் நாள் அவள்தான் சொன்னாள், பாக்கியரத்தினம் கஞ்சி குடிக்கிறாரில்லை என்று. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்குகிறார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். ரயிலைப் பார்ப்பதேயில்லை. யன்னலையும் பார்ப்பதில்லை. நாலு கப்பல் வந்து போய்விட்டது.

வைத்தியர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், நெஞ்சில் குழாயை வைத்தார்.

"புதுசா ஒண்டும் இல்லை" என்றார். "மனம் விட்டிட்டார் போல. எதுக்கும் நீங்கள் கிட்ட இருந்து கதைச்சுப் பாருங்கோ."

வைத்தியர் போனதும் கனகரத்தினம் கஞ்சிக் கோப்பையோடு உள்ளே போனார். அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கன்னம் எவ்வளவு உள்ளே போயிருந்தது என்று. நரைத்த தாடிமயிர் முளைத்துக் கிடந்தது. அப்பாவின் கடைசி முகம் அப்படியே இருந்தது. புஸ்பராணி கட்டிலின் மறுபக்கத்தில் நின்று துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, ஒரு வாய்."

பாக்கியரத்தினம் கண்ணைத் திறக்கவில்லை.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ. ரெயின் ஓடுது."

உதடு இன்னும் இறுகியது. கரண்டியிலிருந்து கஞ்சி கழுத்தில் வடிந்தது. கனகரத்தினம் கோப்பையை மேசை விளிம்பில் வைத்தார். ரயில் அதன் பக்கத்தால் போனது. அவருக்கு முதலில் கோபம் வந்தது. கோபம் தீர்ந்த இடத்தில் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு பயம் வந்தது. அதை அண்ணையிடம் காட்ட ஏலாமல் புஸ்பராணியிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கோ புஸ்பராணி. ஐஞ்சு கிழமை. முழங்கால் தேஞ்சுது, புருவம் போச்சு, ஊர்ச் சனம் சிரிச்சுது. இந்தக் கோதாரி நிக்காமல் ஓடவேணும் எண்டுதானே இவ்வளவும் செய்தனான்? இப்ப ஓடுது. ஒரு இடத்தில நிக்கேல்லை. இதுக்கு மேல நான் என்ன செய்யிறது? இன்னும் இவருக்கு என்ன குறை?"

புஸ்பராணி மடித்துக்கொண்டிருந்த சாரத்தை மார்போடு அணைத்தபடி அவரைப் பார்த்தாள். அவர் கேட்டது பகிடியா உண்மையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"நானும் அதைத்தானே ஐயா யோசிச்சனான், அவர் உந்தப் போனில அமத்திக் கோச்சியை நிப்பாட்டுறதும், நீங்கள் ஓடி வந்து பக்கத்தில இருந்து கதைக்கிறதும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் விளையாடுற விளையாட்டெண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான், பிறகேன் நீங்கள் அதைக் கெடுத்தனீங்கள்?"